மூன்றாவது வளைவு

கார்ப் பந்தயத்துக்குச் சாரதியை எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்று கராஜுக்கு வருகிறவர்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். சொல்லத் தொடங்கினால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

கற்பிட்டி வீதியில் இருக்கிறது என் கராஜ். மெக்கானிக் என்பதால் ஊரில் எல்லோருக்கும் நான் 'பாஸ்'. மூன்று வருடங்களுக்கு முன், இறால் பண்ணை வைத்திருக்கும் ஒரு முதலாளி பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, போட்டிக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொன்னார். கதவில் பண்ணையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். அவருக்கு மோட்டார் பந்தயம் என்றால் அவ்வளவுதான். ஓட்ட ஆளை நான் காட்டினேன். கரைத்தீவிலிருந்து கொழும்புக்கு வெங்காய லொறி ஓட்டுகிறவன். வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து அகதி முகாமில் தங்கிய குடும்பம். அவன் இங்கேயே பிறந்தவன். அந்தக் காரை அவன் முதல்முதலாக ஓட்டியதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆறு மாதம், லொறி இல்லாத நாளெல்லாம் வந்து பழகினான். களப்பின் உப்புநீர் வற்றிக் காய்ந்த தரையில் டயர்களை அடுக்கி வளைவுகள் வைத்திருந்தோம். இந்தப் போட்டியில் நன்றாக ஓடினால் கொழும்பில் பெரிய குழு ஒன்று தன்னைக் கூப்பிடும் என்று நம்பினான். நம்ப வைத்தவன் நான்தான்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முதலாளி இன்னொருவனைக் கூட்டிவந்தார். அரசியல்வாதி ஒருவரின் தங்கை மகன். கையுறை, தலைக்கவசம் எல்லாம் புத்தம் புதிது. ஓட்டம் மோசம் என்று சொல்ல மாட்டேன். பிரேக்கைத் தேவைக்கு முன்னமே பிடிப்பான். இருவரும் தனித்தனியே ஐந்து சுற்று ஓடுவது, நேரத்தை நான் எடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் சொல்வது என்று ஏற்பாடு.

லொறிக்காரன் நான்கு செக்கன் முந்தினான். ஸ்டொப் வோச்சை இரண்டு தரம் பார்த்தேன்.

பகல் சாப்பாடு பண்ணை வீட்டில். எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் சஹன்தான்: பெரிய தட்டில் சோறு, சுற்றி ஆறு பேர், எல்லோர் கையும் ஒரே தட்டில். யார் யாருடைய சஹனில் இருக்கிறான் என்று பார்த்தே ஊர் ஒருவனை எடைபோடும். நான் எப்போதும் வாசலோரத்துச் சஹன்காரன். அன்று முதலாளி என் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் பக்கத்தில் இருத்தினார். எதிரே அந்த அரசியல்வாதி. லொறிக்காரன் வெளியே பந்தலில், பண்ணை வேலையாட்களோடு.

"அந்தப் பொடியன் நம்மட ஊரா?" என்று அரசியல்வாதி கேட்டார்.

"இல்ல, முகாம் ஆக்கள்," என்றார் முதலாளி. பிறகு நல்ல இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளி, குரலைத் தாழ்த்தினார். "பாஸ், புது இறால் குளங்களுக்குப் பெர்மிட் இவர்ட கையிலதான் ஈக்கி. மருமகன் ஒரு செக்கன் முந்தினாரு எண்டு சொல்லுங்க. ஒரு செக்கன்தானே."

எழும்பியிருக்கலாம். சஹனில் பாதியில் எழும்பியவன் என்று ஊர் பேசும் என்று பயந்தேன். வெட்கங்கெட்ட உண்மை இன்னொன்றும் உண்டு: அந்த இடத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இறைச்சியைத் தின்றேன்.

பந்தலுக்குப் போய் எல்லோர் முன்னாலும் அப்படியே சொன்னேன். லொறிக்காரன் வாதாடவில்லை. அவன் முதலாளியையோ அரசியலையோ திட்டியிருந்தால் என் நெஞ்சு கொஞ்சம் இலேசாகியிருக்கும். பக்கத்தில் வந்து, மூத்த சகோதரனைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"காக்கா, நான் எந்த இடத்தில பிந்தினனான்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "மூணாவது வளைவுல," என்றேன். "அதுல அகலமாப் போற நீ." அந்த வளைவை அவனைப்போல் யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

மருமகன் போட்டியில் பின்வரிசையில் வந்தான். பெர்மிட் கிடைத்தது.

போட்டிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து, லொறிக்காரன் என் பழைய வேனை இரவல் கேட்டு வந்தான். வளைவைச் சரிபண்ண வேண்டுமாம். நானும் கூடப் போனேன். அந்த ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப எடுத்தான். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் எடுத்தான். ஒவ்வொரு முறையும் வேனை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். சரி என்று சொன்னால், பிறகு ஏன் தோற்றேன் என்று கேட்பான். "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு," என்றேன். மாலையாகும்போது அவன் அந்த வளைவை உண்மையாகவே பிழையாக எடுக்கத் தொடங்கியிருந்தான்.