செல்வியின் பங்கில் விழாத வெயில்

பத்திரம் எழுதுகிறவனுக்கு எழுத்து வேலை கொஞ்சம்தான். முகம் பார்க்கிற வேலைதான் அதிகம். பழைய பத்திரங்களைப் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்ட தொழில். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி, "இன்னைக்கு யாரு நெலத்தைத் துண்டு போட்டீங்க?" என்று கேட்பாள். இப்போது கேட்க ஆளில்லை, உங்களிடம் சொல்கிறேன். கூடப்பிறந்தவர்களோடு பாகம் பிரித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பாதிக் கதை சொல்லாமலே புரியும்.

நூறு செண்ட்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பம் அது. தகப்பனார் காலமான பிறகு மூன்று ஏக்கரை மூன்று பிள்ளைகள் பிரிக்க வேண்டும். மூத்தவர் முருகேசன், அடுத்தவர் ராசு, கடைசியாகத் தங்கை செல்வி. அவரை மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூத்தவர் பங்கு போட வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். முருகேசன் சரிவைக் குறுக்காக மூன்றாகப் பிரித்துக் கல் நட்டுவிட்டு என்னிடம் வந்தார். "பங்குக்கு நூறு செண்ட். எங்கய்யாவே வந்து நாடா பிடிச்சாலும் இதேதாங்க வரும்."

பள்ளம்

நிலத்தைப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை. தை மாதம், வெள்ளனே போனேன். மேல் இரண்டு பங்கிலும் ஏழரைக்கெல்லாம் வெயில் வந்துவிட்டது. மூன்றாவது பங்கு மொத்தமும் பள்ளம். பத்து மணி தாண்டியும் எதிர்மலை நிழல் நகரவில்லை. புல்லில் உறைபனி அப்படியே கிடந்தது. செல்வி அங்கே குனிந்து, கருகிப்போன பூண்டுத் தாளைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் உங்களுக்குன்னு முடிவாயிருச்சாம்மா?"

"ராசண்ணன் மொத எடுக்கும், அப்புறம் பெரியண்ணன். மிச்சந்தான எனக்கு. வீட்டுக்காரருக்கு இடுப்பு போயிருச்சுங்க, நான் தோப்புக் கூலிக்குப் போறேன். இங்கன ஒரு போகம் நல்லா வெளைஞ்சா மூச்சு விட்டுக்கலாம்னு நெனச்சேன்." தாளைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "அளவு சரியாத்தான் இருக்கு. வெயிலைத்தான் எங்கண்ணன் அளக்கல."

வயது எழுதும் இடம்

அடுத்த வாரம் மூவரும் என் மேசைக்கு வந்தார்கள். வயது எழுத ஆதார் அட்டைகளை வாங்கினேன். ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று. "அப்ப மொதல்ல எடுக்கிறது செல்வியம்மாதானே?" என்று கேட்டேன். என்ன சொல்வார்கள் என்று பார்க்கிற ஆசையும் எனக்கு இருந்தது.

"பொம்பளப் பிள்ளைக எப்பங்க இந்த வரிசையில வந்தாக?" என்றார் முருகேசன்.

"பங்குன்னு வந்தப்பவே வந்துட்டாங்க" என்றேன்.

செல்வி தலை நிமிராமல், "நான்தானண்ணே கடைசியாப் பொறந்தவ" என்றார்.

ராசுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கை ஒரு நல்ல பங்கை எடுத்தாலும் அவருக்கு இன்னொன்று இருக்கிறது. "வழக்கம் வழக்கந்தானண்ணே. பள்ளம் ஒனக்கு. நல்ல கம்பளியா ஒன்னு வாங்கிக்க."

முருகேசன் தன் ஆதார் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார். "இன்னைக்கு எழுத வேண்டாங்க. நான் இன்னொருக்கா அளந்துட்டு வாறேன்."

கல்லைப் பிடுங்கியபோது

எப்படி அளக்கிறார் என்று பார்க்க, கூப்பிடாமலே போனேன். முருகேசன் விடியும்போதே பள்ளத்தில் நின்றிருந்தார். வெயில் கீழே இறங்க இறங்க அந்தந்த இடத்தில் குச்சி நட்டார். பழைய கற்களைப் பிடுங்கிவிட்டு, மேலிருந்து கீழாக மூன்று பங்கு போட்டார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம். நிழல் அதிகம் விழுகிற பங்குக்கு நிலத்தைக் கூட்டிவிட்டார். ராசுவும் செல்வியும் நாடா பிடித்தபோது தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றெட்டு, நூற்றெட்டு என்று வந்தது.

செல்வி மூன்றையும் நடந்து பார்த்தார். கீழ்க்கோடியில் கொஞ்சநேரம் நின்றார். "எதை எடுத்தாலும் ஒன்னுதான் போல. நடுவுல உள்ளத எடுத்துக்கறேண்ணே. ரெண்டு பக்கமும் நீங்க இருப்பீங்கள்ல."

கடைசியில் மிஞ்சுவது தனக்குத்தான் என்று தெரிந்துகொண்ட மூத்தவரைப் போல நியாயமாக அளக்கிற ஆளை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.