குறிப்பில் ஏறாத பேச்சு

பெர்னார்ட் நடத்துகிற செவ்வாய்க்கிழமை மீட்டிங் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மற்ற சைட்டுகளில் வாராந்தரக் கூட்டம் என்றால் பத்து மணிக்கு உட்கார்ந்து சாப்பாட்டு நேரம்வரை ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருப்பார்கள். பெர்னார்ட் அப்படி விடமாட்டார். என்னென்ன பேசப்போகிறோம் என்ற பட்டியல் முந்தின நாளே எல்லார் கையிலும் இருக்கும். பட்டியலுக்கு வெளியே யாராவது வாயெடுத்தால், "அத கடைசில பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே வெட்டிவிடுவார். சாயங்காலத்துக்குள் குறிப்பு டைப் ஆகி, கையெழுத்தாகி, கோப்பில் ஏறிவிடும்.

காக்ஸ் டவுன்காரர். டிப்ளமோ படித்துவிட்டுப் பன்னிரண்டு வருஷம் சூப்பர்வைசராக வெயிலில் நின்றவர். ஆங்கிலம் சுத்தமாக எழுதுவார் என்பதால் 1998-ல் தொம்மலூர் சைட்டில் அவரை ஒருங்கிணைப்பாளராக உட்காரவைத்தார்கள். ஆறு மாடி அலுவலகக் கட்டடம். அப்போது அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடச் சொந்தக்காரர் தரப்பு மேனேஜர் சேஷகிரி ஒருமுறை எல்லார் முன்னாலும், "மீட்டிங்னா இப்படி நடத்தணும்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் மனைவி ஜூடித்திடம் அதை இரண்டு தடவை சொன்னார் பெர்னார்ட்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய். மண் வெட்டும் வேலையின் மேஸ்திரி கோவிந்தப்பா கூட்டத்துக்கு வந்திருந்தார். மாலூர்ப் பக்கத்து ஆள். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், ஆங்கிலம் தெரியாது. வழக்கமாகக் கதவோரம் உட்கார்ந்துவிட்டு, தன் பெயர் வந்தால் மட்டும் தலையாட்டுவார். அன்று பாதியில் எழுந்து நின்றார்.

"சார், ஒந்து நிமிஷம். வடக்குப் பக்கம் மேல மண்ணுல கீறல் வுட்டிருக்குது. நேத்து இல்ல. முட்டுக் குடுக்காம கீழ ஆள் எறக்குறது சரியில்ல."

அப்போது பேசிக்கொண்டிருந்தது சிமெண்ட் வரத்து பற்றி. பெர்னார்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "கோவிந்தப்பா, லிஸ்ட்ல இல்லாதது கடைசில."

கடைசியில் சேஷகிரிக்கு வேறு இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. செல்போனைக் காதில் வைத்தபடியே எழுந்துவிட்டார். கோவிந்தப்பா மறுபடி எழுந்தார். பெர்னார்ட் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "அடுத்த செவ்வாய் முதல் ஐட்டமா எடுத்துக்கலாம்" என்றார். அன்று டைப் ஆன குறிப்பில் சிமெண்ட் இருந்தது, தண்ணீர் லாரி இருந்தது. கீறல் இல்லை. முடிவு எடுக்காததை எழுதுவது பெர்னார்டின் வழக்கமில்லை.

வியாழக்கிழமை நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வடக்குப் பக்க மண் மொத்தமாகச் சரிந்தது. உள்ளே இருந்தது ஒரே ஒருத்தி, சொர்ணம். ஸ்ரீராம்புரத்திலிருந்து வேலைக்கு வருபவள். இடுப்புவரை புதைந்திருந்தவளைக் கையாலேயே மண்ணைத் தள்ளி எடுத்தார்கள். பெர்னார்டும் முழங்காலிட்டுத் தள்ளினார். உயிர் பிழைத்தாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

திங்களன்று விசாரணை. கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கோவிந்தப்பாவை நிற்கவைத்து, ஆபத்து என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னேன் சார். மீட்டிங்லயே சொன்னேன். பெர்னார்ட் சார் இருந்தாரு, கேளுங்க."

அதிகாரி குறிப்பைப் புரட்டினார். "இதுல இல்லையே?"

எல்லாரும் பெர்னார்டைப் பார்த்தார்கள். சேஷகிரி மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்னார்ட் குறிப்பைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பேசினது எல்லாத்தையும் எழுதறதில்ல சார். முடிவானத மட்டும்தான் எழுதுவோம்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் கோவிந்தப்பா சொன்னாரா இல்லையா என்பதும் அதில் இல்லை. அதிகாரி மேலே எதுவும் கேட்கவில்லை. மேஸ்திரியின் கவனக்குறைவு என்று எழுதி, அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுநாள் கூட்டத்தில் வழக்கம்போல முதல் வேலையாக, "போன வாரக் குறிப்பு சரிதானே?" என்று பெர்னார்ட் கேட்க, சரி என்றார்கள். கதவோரம் இருந்த நாற்காலியில் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். சொர்ணம் எழுந்து உட்காரப் பார்த்தாள். "நீங்களே மண்ண தள்ளுனீங்களாமே சார். புண்ணியமாப் போவும்." பிறகு அவளாகவே சொன்னாள்: "மேஸ்திரி மேல தப்பில்ல சார். அந்தப் பக்கம் யாரும் போவாதீங்கன்னு காலைலயே சொன்னாரு. மண்ணு அள்ளுற பாண்டு அங்க கெடந்துச்சு, எடுத்தாறலாம்னு நாந்தான் போனேன்."

தன் கையில் அதிகாரம் எதுவும் இல்லாத ஆள், தன்னால் ஆன மட்டும் ஆட்களைத் தடுத்துப் பார்த்திருக்கிறார். பெர்னார்ட் அந்த ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைக்கக்கூட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ஜூடித் பள்ளிக்கூட டீச்சர், கேட்காமல் விடமாட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "குறிப்புல விட்டுப்போனத அப்புறம் சேக்க வழி இருக்கா?" என்றுதான் கேட்டாள்.

"இருக்கு. அடுத்த மீட்டிங்ல திருத்தம்னு சொல்லணும்."

"அப்ப சொல்லுங்க."

அடுத்த செவ்வாய் சொன்னார். குறிப்பில் திருத்தம் இருக்கிறது, கீறலைப் பற்றிச் சொல்லக் கோவிந்தப்பா இரண்டு தடவை எழுந்தார், நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று வாசித்தார். சேஷகிரி பேனாவை மூடினார். "பெர்னார்ட், இது இப்ப எதுக்கு? விசாரணை முடிஞ்சாச்சே."

"முடிஞ்சது தப்பா முடிஞ்சிருக்கு சார்."

தானே கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். கோவிந்தப்பா மேலிருந்த பழியை நீக்கி ஒரு கடிதம் கொடுத்தார்கள். பெர்னார்டை சைட்டிலிருந்து எடுத்து டெண்டர் பிரிவில் போட்டார்கள்.

கடிதத்தோடு ஓசூரில் ஒரு சைட்டில் கோவிந்தப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தார். கோவிந்தப்பா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அன்னிக்கி எல்லாரும் உங்களப் பாத்தாங்க சார். நானும் உங்களத்தான் பாத்தேன். நீங்க என்னப் பாக்கல." அவ்வளவுதான். ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டார்.

சொர்ணத்திடம் சொல்ல ஐந்து மாதம் ஆயிற்று. ஸ்ரீராம்புரத்தில் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அவர் சொன்னத நீங்க கேட்டிருந்தா எனக்குக் கால் இருந்திருக்கும், இல்லையா சார்?"

"இருந்திருக்கும்மா."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "இனிமே வராதீங்க சார்" என்றாள். அவர் அதற்கப்புறம் போகவில்லை. அந்தப் பக்கம் பஸ் போனால் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

2002-ல் ஆள் பற்றாக்குறை. ஒயிட்ஃபீல்டில் மறுபடி சைட் மீட்டிங் அவரிடம் வந்தது. இப்போது கூட்டத்துக்கு முன்னால் மேஸ்திரிகளோடு சைட்டை ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். முதல் பேச்சு அவர்களுடையது. முடிவானதோ இல்லையோ, சொன்னவர் பெயரோடு எழுதி, தமிழிலும் கன்னடத்திலும் வாசித்துக்காட்டிய பிறகுதான் டைப்புக்குப் போகும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பெர்னார்ட் மீட்டிங் என்றால் இழுவை என்று இளம் இன்ஜினியர்கள் முணுமுணுத்தார்கள்.

ஒருநாள் தியோடர் என்ற ஃபிட்டர், சாமான் ஏற்றும் லிஃப்டின் கம்பிவடம் சத்தம் போடுகிறது என்றார். பெர்னார்ட் அன்று முழுக்க லிஃப்டை நிறுத்தினார். பிரித்துப் பார்த்தார்கள். வடத்தில் ஒன்றுமில்லை, கப்பியில் எண்ணெய் காய்ந்திருந்தது. ஒரு நாள் வேலை போனதற்கு மேனேஜர் சத்தம் போட்டார். தியோடர் கூனிக் குறுகி வந்து, "சாரி சார், என்னால உங்களுக்குப் பேச்சு" என்றார்.

"அடுத்த வாரமும் ஏதாவது சத்தம் கேட்டா சொல்லுங்க" என்றார் பெர்னார்ட்.