பாதித் தூண் மிச்சம்

படகுத்துறைக்கான இரும்புத் தூண்களுக்குப் பெயிண்ட் பூசும் கொட்டகையில் அவளை எல்லாரும் பிரஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மணலை வீசியடித்துத் துருவை எடுத்த தூண், கடற்காற்றில் சாயங்காலம்வரை சும்மா கிடந்தால் மறுபடி சிவந்துவிடும். அதற்குள் முதல் பூச்சு ஏறியாக வேண்டும். வெல்டிங் கோடுகளில் மெஷின் பூச்சு சரியாகப் பிடிக்காது. அங்கே கையால்தான் பூச வேண்டும். அதுதான் அவள் வேலை.

அன்று பாதித் தூண் முடிந்திருந்தபோது தம்பி போன் செய்தான்.

"அக்கா, அப்பா போயிட்டாரு."

"சரி. இன்னும் பாதி இருக்கு. முடிச்சிட்டு வர்றேன்."

அவன் போனை வைத்துவிட்டான். அடுத்து மேஸ்திரிக்குச் சொல்லியிருப்பான் போல. அவர் ஓடிவந்தார்.

"என்னம்மா இது, கிளம்பு! நான் பாத்துக்கிறேன்."

"ஆகட்டும்ண்ணே."

ஆனால் கை நிற்கவில்லை. தோய்ப்பதும் இழுப்பதுமாகப் போய்க்கொண்டே இருந்தது. மேஸ்திரி தலையைச் சொறிந்தபடி நின்று பார்த்தார். பிறகு அவரும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து பூச ஆரம்பித்தார்.

வீட்டு வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டாள். "பெத்த அப்பனை விடவா அந்த இரும்பு உசத்தி? கல்லு மனசுடி உனக்கு!"

அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து உடம்பு துடைத்தது, சவரம் செய்தது, ஊட்டிவிட்டது எல்லாம் அவள்தான். அத்தைக்கும் அது தெரியும். அவள் விரல்களில் காய்ந்த பெயிண்டை உரித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு பசித்தால் சாப்பிட்டாள், படுத்தால் தூங்கினாள். அழுகை இன்று வரும், நாளை வரும் என்று பார்த்தாள். வந்தபாடில்லை.

தூண்களைக் கடலில் இறக்கிச் சில மாதம் கழித்து, படகு உரசிக் கீறிய இடங்களைச் சரிசெய்ய அவளையும் கூட்டிப்போனார்கள். தண்ணீருக்குக் கீழே பாசியும் சிப்பியும் அப்பிக் கிடந்தன. முங்கிச் சுரண்டுகிறவன் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, எல்லாத்தையும் வழிச்சுப் பாத்துட்டேன். பூச்சு கொஞ்சம்கூட அசையல!"

"அப்படியா," என்றாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் தம்பி வந்தான். அப்பாவின் கட்டிலைக் கழற்ற இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்கு ஏன்க்கா உடனே வரல?"

"தெரியலடா. கையை நிறுத்தினா அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல."

அவன் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தான். "எனக்கும் அழுகை வரலக்கா. அத்தை பாக்குறாங்களேன்னு கண்ணைக் கசக்கிக்கிட்டே இருந்தேன். வீங்கியே போச்சு."

"அடப்பாவி! நீ அழுது தீர்த்தேன்னுல்ல நினைச்சேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய சிரிப்பில்லை, மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அவனும் சிரித்தான். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சட்டத்தைத் தூக்கினார்கள். வாசல் நிலையில் இடித்தது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள்.