சில்க் போர்டுக்கு மேலே

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளைப் பெங்களூரில் ராகிகுட்டா பக்கம் ஒரு டே கேரில் விட்டுவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறரைக்குள் பிள்ளையைக் கூட்டிப்போய்விட வேண்டும் என்பது அங்கே சட்டம். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வராதவர்கள் போட்ட சட்டம் அது. கம்பெனி கேப் மேம்பாலத்தில் பறந்து வரும். சில்க் போர்டு நெரிசலில் வந்து நின்றால் நின்றதுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

டே கேர் ஆன்ட்டி கன்னடக்காரர். தமிழும் நன்றாக வரும், கோபமும் நன்றாக வரும். "நானும் மனுஷிதானேம்மா? தினா இதே கதை. இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்கோ" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். வேறு இடம் தேடித் தேடி அலுத்தாயிற்று. கணவருக்கோ பொம்மசந்திராவில் ஷிப்ட் வேலை. ஆன்ட்டி கைவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான். எனக்கு என் வேலை பிடிக்கும்.

அந்த மாதம்தான் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக ராகிகுட்டாவுக்கு வரும் மஞ்சள் தட மெட்ரோவைத் திறந்தார்கள். முதல் ரயில் சீனாவிலிருந்து வந்து இறங்கியதிலிருந்தே நாங்கள் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தோம். "டிரைவர் இல்லாமலே ஓடுமாம்டி. நல்லதுதான். டிரைவர் இருந்தா சில்க் போர்டைப் பாத்ததும் எறங்கி ஓடிருவான்" என்றாள் ஆபீஸ் தோழி.

முதல் சாயங்காலம் ஸ்டேஷன் படிக்கட்டில் நான் ஓடிய ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் கோப்பை வாங்கியிருப்பேன். வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்தது எப்போதோ. கதவு மூடுவதற்குள் உள்ளே போய் விழுந்தேன். கல்யாண வீட்டுக் கூட்டம். பாதிப் பேர் வீடு போகிறவர்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

சில்க் போர்டு வந்தது. கீழே பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும், நடுவே எங்கள் கம்பெனி கேப்களும் அசையாமல் நின்றன. நான் அவற்றுக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன்! "நோடி மா, நோடி" என்று பக்கத்தில் நின்ற அம்மாள் என் கையைப் பிடித்து உலுக்கிக் கீழே பார்க்கச் சொன்னார். முன்பின் தெரியாத இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சந்தோஷம் தாங்காமல் ஆன்ட்டிக்குப் போன் போட்டு, "ஆன்ட்டி, நான் சில்க் போர்டுல இருக்கேன்!" என்று கத்தினேன். மெட்ரோவில் வருகிறேன் என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

பெங்களூரில் ஒருவர் சில்க் போர்டில் இருப்பதாகச் சொன்னால், வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ராகிகுட்டாவில் இறங்கிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. திரும்பக் கூப்பிட்டேன், ஆன்ட்டி எடுக்கவில்லை. இன்றோடு சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டே டே கேர் வரை ஓடினேன்.

வாசலில் பிள்ளைகள் ஷூ போட்டு, பை மாட்டி, அம்மாக்களுக்காக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையை நான் பார்த்ததே இல்லை. நான் வரும்போது அது காலியாகியிருக்கும். என் மகள் அதில் இல்லை. என் போனை நம்பி ஆன்ட்டி அவளுடைய ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளே உட்காரவைத்துத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஊட்டிய கை அப்படியே நின்றது.

"அரே, என்னம்மா இது! இப்பத்தானே சில்க் போர்டுன்னே?"

"மெட்ரோ ஆன்ட்டி, மெட்ரோ!" அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

ஆன்ட்டி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "தினா இப்படி வந்தா நானா வேணாங்கறேன்? இங்கயே இருக்கட்டும் பாப்பா."

வேலை பிழைத்தது. அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. "வா கண்ணு, போலாம்" என்று கையை நீட்டினேன்.

மகள் எழுந்திருக்கவில்லை. வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"இன்னும் இருட்டவே இல்லையே," என்றாள். "நீ ஏன்மா வந்துட்டே?"