இரண்டாவதாக எடுத்த அட்டை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் மயிலாப்பூர் சபையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதிலிருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது. படுக்கையில் கிடந்த என் கணவருக்காக நான் எடுத்தேன். பாடுகளில் பொறுமையாயிருக்கச் சொல்லும் வசனம் வந்தது. யாருக்கு வேண்டும் பொறுமை? சட்டென்று அதைத் திருப்பிச் செருகிவிட்டு வேறொன்றை எடுத்தேன். நீடித்த ஆயுசைப் பற்றியது. அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன்.

கணையத்தில் புற்றுநோய். டாக்டர் கையை விரித்தபோதும் நான் அட்டையை விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்குழுப் பெண்கள் எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்கு வந்து, "சிஸ்டர், உங்க விசுவாசம் எங்களுக்கெல்லாம் ஒரு சாட்சி" என்பார்கள். எனக்கு அது இனித்தது. கட்டிலில் கிடந்த அவரை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

அவருடைய தங்கை மட்டும் எங்கள் ஜெபத்துக்கு ஆமென் சொல்லமாட்டாள். தினமும் கோடம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அண்ணனைத் துடைத்துவிட்டு, நனைந்த துணிகளை அலசிப் போடுவாள். ஒரு மத்தியானம் ஈரக்கையோடு என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அண்ணி, அண்ணன் பொழைக்க மாட்டாரு. அவருக்கே தெரியும். ஒக்காந்து அவராண்ட பேசுங்க. அந்தக் கார்டு நீங்க ரெண்டாவதா எடுத்தது. நான் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்."

சபையில் எனக்குக் கிடைக்கும் பேர் இவளுக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

"நம்பிக்கை இல்லாதவங்களுக்கு இந்த வீட்ல இடமில்ல. கெளம்பு!"

படுக்கையறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதுவரை நான் ஜெபிக்கும்போது கண்ணை மூடிச் சும்மா கிடந்தவர், அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னார். அவருக்கும் விசுவாசம் வந்துவிட்டது என்று ஜெபக்குழுவில் அழுதுகொண்டே சாட்சி சொன்னேன். சுகமானதும் எந்தெந்த ஊருக்குப் போகலாம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்கும் ஆமென். பதினோராம் நாள் இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் பிறகு ஜெபக்குழு வரவில்லை. தங்கைதான் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நான் விசுவாசம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது வெறும் பயம்; அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அட்டை விஷயத்தை அத்தனை நாள் மூடி வைத்திருந்தவள் அன்றைக்கு ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"அண்ணன்கிட்ட நியூ இயர் அன்னிக்கே சொல்ட்டேன் அண்ணி. 'பயந்துட்டா பாவம், வுட்டுடு'ன்னாரு. அப்புறம் அவரேதான் சொல்லச் சொன்னாரு. 'நான் ஆரம்பிச்சா அழுதுடுவேன், நீ சொல்லு. அவகிட்ட ஒண்ணு பேசணும்'னாரு."

"என்ன பேசணும்னார்?"

"என்னாண்ட சொல்லல அண்ணி. உங்களாண்டதான் சொல்லுவேன்னாரு."