காலி நாற்காலிக்கும் சீட்டு

என் தம்பி டெல்மர் ஹாகன் இருபது வருடத்துக்கு மேல் பள்ளிப் பேருந்து ஓட்டினான். ஒரு குழந்தையைக்கூட தப்பான நிறுத்தத்தில் இறக்கிவிட்டதில்லை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்த பிறகு, பேருந்து ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஹெண்டர்சன் டயாலிசிஸ் மையத்தில் படுத்திருப்பான். மற்ற நாட்களில், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சூதாட்ட விடுதியில் பகல் நேரப் போக்கர் ஆடுவான். ஓய்வு பெற்ற தபால்காரர்களும் கூரை போடுகிறவர்களும் ஆடுகிற மேசை அது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

அங்கே வருடத்துக்கு ஒரு முறை ஒரு பந்தயம் வைப்பார்கள். ஜெயிப்பவருக்கு, அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் லாஸ் வேகஸில் கோடைகாலத்தில் நடக்கும் பெரிய போட்டியில் ஓர் இடம் கிடைக்கும். அந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணமே பத்தாயிரம் டாலர். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு காருக்குக்கூட அவ்வளவு கொடுத்ததில்லை. டெல்மர் ஜெயித்து வந்தான். நுழைவுச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "பெர்டி, என்கிட்ட இப்ப பத்தாயிரம் டாலர் பேப்பர் இருக்கு. அதுல ஒரு காபிகூட வாங்க முடியாது" என்றான்.

எட்டாயிரத்துச் சொச்சம் பேர் ஆடுகிற போட்டி. முதல் நாளே திரும்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் திரும்பவில்லை. இரண்டாம் நாளும் திரும்பவில்லை. கறுப்புக் கண்ணாடியும் காதில் பெரிய ஹெட்போனும் மாட்டிய பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இவன் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தான். சீட்டு மோசமாக வந்தால் கவிழ்த்து ஒதுங்கிவிடுவான். நல்லதாக வந்தால் அவசரப்பட மாட்டான்.

ஒரு பையன் எரிச்சலாகிக் கேட்டான்: "சார், மூணு மணி நேரமா ஒரு கைகூட ஆடல. உங்களுக்கு போர் அடிக்கலையா?"

"தம்பி, நான் வாரத்துக்கு மூணு நாள் கையில ஊசி குத்திக்கிட்டு மேற்கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கிறவன். உங்க முகமெல்லாம் எனக்கு சினிமா."

மேசை முழுவதும் சிரித்தது. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் கேட்டது.

பார்க்க வந்தவர்கள் நிற்பது அந்தக் கயிற்றுக்குப் பின்னால்தான். நான் அவனுக்காக ஐஸ் கட்டிகளை அளந்து குடுவையில் கொண்டுபோவேன். அவன் உடம்பிலிருந்து தண்ணீர் தானாக வெளியேறாது. குடித்தது முழுவதும் நுரையீரலைச் சுற்றித் தேங்கும். மேசையில் இருப்பவர்கள் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பார்கள். இவன் ஒரு கட்டியை வாயில் போட்டுக் கரையும் வரை வைத்திருப்பான். வாழைப்பழம் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும். வெள்ளைக்கருவை மட்டும் பொரித்து ரொட்டியில் வைத்துக் கொடுப்பேன். அட்டையைச் சாப்பிடுவது போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவான்.

ஆட்டம் பகலில்தான் தொடங்கும். அதனால் டயாலிசிஸை விடியற்காலைக்கு மாற்றிக் கொடுத்தாள் மாரிசெல். அந்த மையத்தின் நர்ஸ், பிலிப்பைன்ஸ்காரி. திங்களும் புதனும் அப்படியே ஓடிவிட்டன.

வெள்ளிக்கிழமை ஓடவில்லை. விடியற்காலை ஷிப்டில் ஓர் இயந்திரம் பழுதாகி, அந்த ஆட்களையெல்லாம் மற்ற இயந்திரங்களில் போட்டிருந்தார்கள். மாரிசெல் போனில் சொன்னாள்: "மிஸ்டர் டெல், ரெண்டு மணிக்குத்தான் இடம் இருக்கு. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது."

ரெண்டு மணி என்றால் ஆட்டத்தின் நடுவில். நூறு பேருக்குக் கொஞ்சம் மேல் மிச்சம் இருந்தார்கள். டெல்மரிடம் சராசரியைவிடக் கூடுதலாக டோக்கன் இருந்தது.

அவனுக்கு ஓ வகை ரத்தம், அதற்குப் பொருந்துகிற சிறுநீரகம் கிடைக்க நாளாகும். மாற்றுச் சிறுநீரகத்துக்காக ஆறு வருடமாகக் காத்திருந்தான். அந்த வசந்தத்தில்தான் மருத்துவமனையிலிருந்து, "போனைப் பக்கத்துலயே வச்சிருங்க, இந்த வருஷம் வந்துரும்" என்று சொல்லியிருந்தார்கள். டயாலிசிஸுக்கு வராமல் போனாலோ பாதியில் எழுந்தாலோ மையம் மருத்துவமனைக்குத் தெரிவித்துவிடும். சிகிச்சையை மதிக்காதவன் புதுச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுவான் என்பது அவர்கள் எண்ணம். ஆறு வருடத்தில் டெல்மர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பனி கொட்டிய நாளிலும் போனான். எங்கள் அம்மாவை அடக்கம் செய்த நாளிலும் போனான்.

"போயிட்டு வா. உன் டோக்கன எவனும் திருட மாட்டான்" என்றேன்.

"திருட மாட்டாங்க பெர்டி. சட்டப்படி எடுத்துப்பாங்க."

அவன் சொன்னது சரி. போக்கரில் ஆள் எழுந்து போனாலும் ஆட்டம் அவனுக்காக நிற்காது. காலி நாற்காலிக்கும் சீட்டு போடுவார்கள். முறை வந்ததும் அந்தச் சீட்டை அப்படியே எடுத்து ஒதுக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவன் கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயத்தைச் சீட்டு போடுகிறவரே அவன் குவியலிலிருந்து எண்ணி நடுவில் தள்ளுவார். நேரம் ஆக ஆக அந்தப் பந்தயம் பெரிதாகிக்கொண்டே போகும்.

டெல்மர் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாலு மணி நேரம் இயந்திரம், போக வரப் பயணம். திரும்பி வரும்போது மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும், அதை வைத்து ஆடலாம் என்றான். ஒன்றரை மணிக்கு எழுந்தான். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "நீ இங்க நில்லு. யாராவது ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றான்.

நின்றேன். டெல்மருடைய கட்டாயப் பந்தயம் நடுவில் விழும்போதெல்லாம் யாராவது ஒருவர் பந்தயத்தை ஏற்றி அதை அள்ளிக்கொண்டார். எதிர்க்க ஆள் இல்லாத டோக்கனை யார் விடுவார்கள்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. டெல்மருக்கு அடுத்த நாற்காலியில் ஒமாஹாவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். "மன்னிச்சுக்கங்கம்மா. நான் எடுக்கலேன்னா அந்தக் கடைசில இருக்கிறவன் எடுப்பான்."

கணக்கில் ஒரு தப்பு இருந்தது. டெல்மர் பழகிய விடுதியில் மொத்தமே மூன்று மேசைதான். மேசை கலைவது அங்கே சாயங்காலம் ஒரு தடவை நடக்கும். இங்கே ஆட்கள் வெளியேற வெளியேற மேசைகளைக் கலைத்து, மிச்ச ஆட்களை வேறு மேசைகளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மூன்று மணிக்கு அவனுடைய மேசையைக் கலைத்தார்கள். ஊழியர் ஒருவர் டெல்மரின் டோக்கன்களைத் தட்டில் அடுக்கி, கூடத்தின் மறு கோடிக்குக் கொண்டுபோனார். நான் கயிற்றை ஒட்டியே பின்னால் ஓடினேன். புது மேசையில் ஆட்கள் குறைவு. ஆள் குறைந்தால் சுற்று சீக்கிரம் முடியும், கட்டாயப் பந்தயம் அடிக்கடி வரும். போதாததற்கு, அவனுக்குக் கிடைத்த இடத்தில், அடுத்த ஆட்டத்திலேயே பெரிய கட்டாயப் பந்தயம் கட்டும் முறை வந்தது. டோக்கன் வந்து இறங்கியதுமே கரைய ஆரம்பித்தது.

என் போன் அடித்தது. பின்னணியில் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"எவ்வளவு இருக்கு பெர்டி?"

"கால நீட்டிப் படு."

"எவ்வளவு?"

"மாரிசெல் என்ன பண்றா? அவகிட்ட குடு."

"சரி, பாதிக்குக் கீழ போயிருச்சு."

"நான் அப்படிச் சொல்லல."

"நீ சொல்லலியே, அதான்."

அவனிடமிருந்து போனை வாங்கியது மாரிசெல். அழுதுகொண்டே பேசினாள்: "அவரு எழுந்திருக்கிறாரு மேடம். இன்னும் பாதிகூட ஆகல. தண்ணியும் முழுசா எடுக்கல, பொட்டாசியமும் இறங்கல. நீங்க சொல்லுங்க, கேப்பாரு."

"டெல்மர்!" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மேல ஆஸ்பத்திரிக்கு எழுதுவாங்கடா. ஆறு வருஷம்!"

"தெரியும்" என்றான். மருத்துவர் சொல்லுக்கு மாறாக என் விருப்பத்தில் போகிறேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

நாலரை மணிக்கு வந்து உட்கார்ந்தான். கையில் பஞ்சும் கட்டும். சட்டைக் கையில் ஒரு பொட்டு ரத்தம். அவன் குவியல் மேசையிலேயே சிறியது. எதிரில் இருந்த பையன், "இந்த நாற்காலிக்கு ஆளே இல்லன்னு நினைச்சேன்" என்றான். "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றான் டெல்மர்.

அதன் பிறகு அவன் ஆடிய ஆட்டத்தை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். முதலில் ஜோடி எட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நடுவில் தள்ளினான், இரட்டிப்பானது. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பையன் மூன்று தடவை பந்தயத்தை அழுத்தி ஏற்றினான். டெல்மர் ஐஸ் கட்டி கரையும் வரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெறும் ஜோடி ஒன்பதை வைத்துக்கொண்டு அதற்கு ஈடு கட்டினான். பையனிடம் ஒன்றுமே இல்லை. வெறும் ஏமாற்று. பையன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "எப்படி சார்?" என்றான்.

"நாப்பது பிள்ளைங்கள வச்சு பஸ் ஓட்டினவன் நான். பின்னாடி எவன் பொய் சொல்றான்னு கண்ணாடியிலயே தெரியும்."

அன்று ஆட்டம் முடிந்தபோது நாற்பத்திரண்டு பேர் மிச்சம். அதில் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான் பெரும்பாலும். பள்ளிப் பேருந்து ஓட்டியவன் ஒருவன்தான்.

சனிக்கிழமை காலையில் அவன் கணுக்கால் வீங்கி ஷூ ஏறவில்லை. என் கணவரின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்கியது. ஆட்டத்தின் நடுவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, மேசையைப் பிடித்தபடி எழுந்து நின்றே இரண்டு கை ஆடினான். பிறகு ஜோடி ராஜா வந்தது. எல்லாவற்றையும் வைத்தான். எதிராளியிடம் ஆஸும் ராணியும். நடுவில் கடைசிச் சீட்டாக ஆஸ் விழுந்து, அவருக்கு ஜோடி ஆஸ் ஆகிவிட்டது. டெல்மர் சீட்டைக் கவிழ்த்து, எதிராளிக்குக் கை கொடுத்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயரையும் ஊரையும் முப்பத்தொன்றாம் இடத்தையும் சொன்னார்கள். பெயரை ஹேகன் என்று தப்பாகச் சொன்னார்கள். நான் போய்த் திருத்திச் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள்.

அங்கிருந்து நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம்.

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையின் சிறுநீரக மாற்று சிகிச்சைக் குழுவின் சமூகப் பணியாளர் கூப்பிட்டாள். மிஸஸ் ஆக்லி என்று பெயர், மென்மையாகப் பேசுகிறவள். காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயரைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தார்கள். குழுவுக்கு நம்பிக்கை வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். காரில் போகும்போது வழி முழுவதும் சொல்லிக் கொடுத்தேன்: "இனிமே பண்ண மாட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை பேசாத."

"சரி மேடம்" என்றான் என்னிடம்.

மிஸஸ் ஆக்லி கேட்டாள்: "மிஸ்டர் ஹாகன், இதே மாதிரி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வந்தா, சிகிச்சையப் பாதியில விட்டுட்டு எழுந்து போவீங்களா?"

டெல்மர் யோசித்தான். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

"எவ்வளவு டோக்கன் இருக்குன்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும், மேடம்."

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கார்க் கதவைத் திறக்காமல் நின்று திட்டினேன். ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய், அதுகூடவா வரவில்லை என்று கேட்டேன்.

"அந்தம்மா என்னை நல்லாப் பாத்துச்சு பெர்டி. பொய் சொன்னா கண்டுபிடிச்சிருக்கும்."

"கண்டுபிடிக்கட்டுமே!"

"அப்ப கிட்னி, என் வார்த்தை ரெண்டும் போயிருக்கும்" என்றான். வெயிலில் வியர்வை வழிய நின்றான். நான் கதவைத் திறந்தேன்.

ஒரு வருடம் ஒழுங்காக வந்தால் மறுபடி பரிசீலிப்போம் என்று கடிதம் வந்தது. ஒழுங்காகப் போனான். பரிசுப் பணத்தில் மாரிசெலின் மகளுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்தான், எனக்குக் கூரையை மாற்றிக் கொடுத்தான். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்தபடியே இதயம் நின்றுபோனது.

மரண அறிவிப்பு எழுதி நாளிதழ் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெண் படித்துவிட்டுப் பேனாவை ஒரு வரியில் வைத்தாள்.

"முப்பத்தொன்றாம் இடம்னு இருக்கு. வழக்கமா முதல் இடம்னாத்தான் போடுவாங்க. இது வேணுமாம்மா? வரிக்கு வரி காசு."

"எட்டாயிரம் பேர்ல முப்பத்தொண்ணு. அதையும் சேத்து எழுதிக்கங்க" என்றேன். "ஹாகன்ல எழுத்து சரியா இருக்கான்னு பாருங்க."