முதல் கிளிக் வரை: தும்கூர் போய்வந்த நூற்று முப்பத்தாறு கிலோமீட்டர்

செல்வி, குமார், இரண்டு பேரும் ஒரு வாரமாக என்னை நச்சரிக்கிறீர்கள். "ஹைப்ரிட் கார்ல போனியே, எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்கிறீர்கள். சாப்பிட உட்கார்ந்தால் பாதி சொல்வதற்குள் சாதம் ஆறிவிடுகிறது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். அப்பா எட்டாவது வரைதான் படித்தவன். தப்பு இருந்தால் செல்வி திருத்திப் படித்துக்கொள்.

முதலில், ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். மல்லேஸ்வரத்தில் நான் வேலை செய்யும் பெட்ரோல் பங்குக்குச் சனிக்கிழமைதோறும் காலையில் வரதராஜன் சார் வருவார். மின்சார இலாகாவில் மீட்டர்களைச் சோதிக்கிற இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். யலஹங்கா பக்கம் இருந்த ஒரு வீட்டு மனையை விற்று இந்தக் காரை வாங்கினார். பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மின்சார மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற கார் அது. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று கம்பெனி காகிதத்தில் போட்டிருக்கிறார்கள். சாருக்கு அது வரவில்லை. ஒவ்வொரு வாரமும் டேங்கை ஃபுல்லாக நிரப்பி, ஓடிய தூரத்தையும் லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அந்த நோட்டில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. எனக்குக் காலை ஷிஃப்ட் உள்ள வாரம் பதினொன்று வருகிறது. மாற்று வாரத்தில் என்கூட வேலை செய்யும் சித்தராஜுவுக்குக் காலை ஷிஃப்ட், அப்போது பதினான்கு வருகிறது. ஒரு வாரமும் தப்பவில்லை.

அந்த நோட்டை யார் பார்த்தாலும் இந்தத் தங்கராஜ் அளவில் கை வைக்கிறான் என்றுதான் சொல்வார்கள். எனக்கே ஒரு நிமிடம் என் மேல் சந்தேகம் வந்தது. சார் ஆயில் கம்பெனிக்குப் புகார் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை என்கூட வா. நீயே போடு, நீயும் உட்காரு, வந்து நீயே மறுபடி போடு. ஹைவேல ரெண்டு குறையலாம், ஒத்துக்கறேன். பதினாறுக்குக் கீழ வந்தா லெட்டர் போயிடும்" என்றார். பங்கு ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போய்ட்டு வா. அவர் எழுதிட்டார்னா உன்னை நான் வச்சுக்க முடியாதுப்பா" என்றார். உங்கள் அம்மாவிடம்கூட இதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

2009 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை, காலை 6.20. அல்சூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மெஜஸ்டிக்கில் மாறி, பங்குக்குப் போய்ச் சேர்ந்தேன். சார் எனக்கு முன்னாலேயே நின்றிருந்தார். முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவு கேனைக் கேட்டார். அதில் பெட்ரோல் பிடித்துக் காட்டினேன். கோட்டில் சரியாக நின்றது.

"இன்னைக்குச் சரியாத்தான் இருக்கும். நான் சொல்லிட்டுன்னா வந்திருக்கேன்" என்றார்.

பிறகு டேங்கை நிரப்பினேன். யாராவது ஃபுல் என்றால் நான் எப்படிப் போடுவேன் தெரியுமா? பெட்ரோல் குழாயின் நுனியைத் தொட்டதும் 'கிளிக்' என்று அதுவே நின்றுவிடும். எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். காரின் பின்பக்கத்தைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டுவேன். உள்ளே இருக்கும் நுரை அடங்கும். மறுபடி மெதுவாக விடுவேன். கழுத்தில் பெட்ரோல் பளபளவென்று தெரிகிறவரை விடுவேன். ஃபுல் கேட்டவருக்கு ஃபுல்லாகக் கொடுக்க வேண்டும் இல்லையா? அன்றைக்கும் அப்படித்தான் போட்டேன். சார் முன்பக்கம் உட்கார்ந்து கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார்.

காலை 6.45. புறப்பட்டோம். சார் ஓட்டினார், நான் பக்கத்தில். பின் சீட்டில் சாரின் மனைவி, கமலா அம்மா. எனக்கு என்ன வியப்பு என்றால், யஷ்வந்தபுரம் சிக்னலில் எஞ்சின் சத்தம் நின்றுபோனது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், வண்டி ஆஃப் ஆயிடுச்சு."

"ஆகட்டும். நின்னா அதுவே அணைஞ்சுக்கும். பிரேக்லேர்ந்து காலை எடுத்தா அதுவே எழுந்துக்கும்."

"இவரும் அப்படித்தான்," என்றார் கமலா அம்மா பின்னாலிருந்து. "சிக்னல் வந்தா கண்ணை மூடிப்பார். நான்தான் எழுப்பணும்."

பச்சை விழுந்தது. ஒரு சின்ன உதறல்கூட இல்லாமல் கார் நகர்ந்தது. பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கான வண்டிகளின் மூடியைத் திறந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்குப் பட்டை இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் ஏறுகிறது, அப்போது மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கிறது. காலை எடுத்தால் மறுபக்கம் ஏறுகிறது, அப்போது சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே பேட்டரி சார்ஜ் ஆகிறது. உன் சைக்கிள் டைனமோ மாதிரிதான் குமார், ஆனால் கொடுத்ததைத் திருப்பியும் வாங்கிக்கொள்ளும்.

பீன்யாவில் நடுரோட்டில் வரிசையாகத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மேலே ரோடு வரப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் லாரிகள் ஊர்ந்தன. கமலா அம்மா ஏசியைப் போடச் சொன்னார். போட்டதும், அடுத்து நின்றபோது எஞ்சின் அணையவில்லை.

"பார்த்தியா? ஏசி முழுசா வேலை செஞ்சா எஞ்சின் தூங்காது. அங்கதான் மைலேஜ் போறது."

"அப்ப கம்பெனிக்காரங்களுக்கு எப்படி சார் பதினெட்டு வந்துச்சு?"

"அவன் ரோட்லயா ஓட்டறான்? ஷெட்டுக்குள்ள உருளை மேல ஏத்தி ஓட்டறான். பள்ளம் கிடையாது, லாரி கிடையாது, ஏசி கிடையாது, கமலா கிடையாது."

"என் எடையையும் கழிச்சுக்கோங்கோ," என்றார் அந்த அம்மா.

காலை 7.40, நெலமங்கலா. இதுவரை இருபத்திநாலு கிலோமீட்டர். இதற்குப் பிறகு ரோடு அகலமாகி, கார் அறுபதில் வழுக்கிக்கொண்டு போனது. பெங்களூரைவிடத் தும்கூர் கொஞ்சம் தாழ்வு என்று சார் சொன்னார். தாபஸ்பேட் தாண்டும்போது இடது பக்கம் சிவகங்கை மலை மேகத்துக்குள் தலையை மறைத்துக்கொண்டு நின்றது. அப்போது சார் டாஷ்போர்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்ந்து, அவரவருக்குக் கிடைத்த மைலேஜை எழுதுகிறார்களாம். எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற ஒருவருக்குப் பதிமூன்று. இந்திராநகரில் ஒரு பெண்மணிக்குப் பன்னிரண்டு. மைசூர்க்காரர் ஒருவருக்குப் பதினாறரை. பதினெட்டு என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

நான் இரண்டு முறை படித்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று பார்த்து, கேட்டுவிட்டேன்.

"இவங்க எல்லாருக்கும் நானா சார் பெட்ரோல் போட்டேன்?"

கமலா அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. சார் சிரிக்கவில்லை. "அவாளுக்கு ஓட்டத் தெரியலை. நான் தெரிஞ்சு ஓட்டறேன்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒருத்தருக்காவது பதினெட்டு வரணும் இல்லையா" என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

காலை 8.25, க்யாத்சந்திரா. இங்கே தட்டை இட்லி விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. நம் வீட்டு இட்லி மூன்றைச் சேர்த்துத் தட்டிய அளவு ஒரு இட்லி. மேலே ஒரு கட்டி வெண்ணெய். விலை எட்டு ரூபாய், காபி ஆறு ரூபாய். கடைக்காரர், "இன்னொந்து ஹாக்லா?" என்று கேட்டுக்கொண்டே இலையில் இன்னொன்றை வைத்துவிட்டார். எனக்கு அது இறங்கவில்லை. என்ன சாப்பிட்டாலும் பதினாறு, பதினாறு என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கமலா அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"சாப்பிடுப்பா. இவர் வீட்டு கேஸ் சிலிண்டரையே தராசுல வெச்சுப் பார்க்கிறவர். உன்னை மட்டும் சொல்றார்னு நினைச்சுக்காதே."

காலை 9.10. தும்கூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் திரும்பினோம். அப்போது அறுபத்தெட்டு கிலோமீட்டர். ஊரைப் பார்க்கவில்லை. வாழைக்காய் லாரி ஒன்றும், ஸ்கூல் சீருடையில் அணிவகுப்புக்குப் போகிற பிள்ளைகளும்தான் தும்கூரைப் பற்றி எனக்கு ஞாபகம்.

திரும்பும் வழி லேசான ஏற்றம். விளக்குப் பட்டை பெரும்பாலும் செலவுப் பக்கமே நின்றது. பீன்யாவில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். வெயில் ஏறியும் சார் ஏசியை அணைத்துவிட்டார். கமலா அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டார்.

பகல் 11.50. பங்கு. காலையில் நின்ற அதே இடத்தில், அதே குழாய். கிலோமீட்டர் நூற்று முப்பத்தாறு. ஓனர் வெளியே வந்து நின்றார். சார் இந்த முறை மீட்டருக்கு நேராகவே நின்றுகொண்டார். குழாயை உள்ளே வைத்துப் பெட்ரோல் விட்டேன். கிளிக். மீட்டரில் 7.20 லிட்டர்.

சார் செல்போனில் வகுத்தார். மறுபடியும் வகுத்தார். "பதினெட்டு புள்ளி எட்டு எட்டு," என்றார். "கமலா, பதினெட்டு புள்ளி எட்டு!" அப்படியே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்ரோல் வாடை அடிக்கிற கை. பதினோரு வருடத்தில் எந்தக் கஸ்டமரும் என் கையைத் தொட்டதில்லை. ஓனர் சிரித்தார். "நான்தான் சொன்னனே சார், நம்ம பையன் சுத்தம்" என்றார்.

குழாய் இன்னும் டேங்குக்குள்தான் இருந்தது. இன்னொரு கை பழக்கத்தில் தானாகவே காரின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தது. ஆட்டப் போனவன் நின்றேன். காலையில் கழுத்துவரை போட்டது ஞாபகம் வந்தது. இப்போது கிளிக்கோடு நிறுத்தினால், கிளிக்குக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள பெட்ரோல் கணக்கிலேயே வராது. சாருக்கு அவர் கேட்ட எண் கிடைத்துவிட்டது. எனக்கு வேலை நிலைத்துவிட்டது. குழாயை எடுத்து மாட்டினால் போதும்.

"சார், இன்னும் முடியல" என்றேன்.

ஓனர் தாழ்ந்த குரலில், "தங்கராஜ், சும்னிரு" என்று கன்னடத்தில் என்னை அடக்கினார்.

"காலைல நான் கழுத்து வரைக்கும் போட்டேன் சார். எப்பவும் அப்படித்தான் போடுவேன். சித்தராஜு கிளிக்கோட விட்ருவான். காலைல போட்ட அளவுக்கு இப்பவும் போட்டாத்தான் சரி."

காரை ஆட்டினேன். கமலா அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக விட்டேன். பளபளப்பு கழுத்துக்கு வந்தபோது மீட்டரில் 9.00. சார் வகுத்தார். பதினைந்து புள்ளி ஒன்று. அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"தினம் இப்படியா ஆட்டுவே? நான் நீ கண்ணாடி துடைக்கறேன்னு நினைச்சேன்."

அவர் அளவு கேனை மறுபடி கேட்டார். இந்தத் தடவை முன்னால் சொல்லிவைக்கவில்லை. பிடித்துக் காட்டினேன், கோட்டில் நின்றது. பிறகு பானட் மேல் நோட்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். இல்லை, நின்றுகொண்டுதான் எழுதினார், ஆனால் ரொம்ப நேரம். நான் போட்ட வாரங்களில் ஒன்று புள்ளி எட்டு லிட்டரைக் கழித்தார். சித்தராஜு போட்ட வாரங்களில் அதையே கூட்டினார். இரண்டு பக்கமும் பன்னிரண்டரையில் வந்து நின்றது. நான் பெட்ரோல் குறைக்கவில்லை. அதிகமாக அடைத்திருக்கிறேன். நான் அடைத்தது என் வாரத்தில் செலவாகத் தெரிந்தது, அடுத்த வாரம் சித்தராஜுவுக்கு லாபமாகத் தெரிந்தது.

"முப்பது வருஷம் மீட்டர் டெஸ்ட் பண்ணினவன் நான்," என்றார். "முதல்ல ஸீரோ எங்க இருக்குன்னு பார்க்கணும். அதைப் பார்க்கலை."

"கம்ப்யூட்டர்ல பதினெட்டுன்னே போட்டுடுங்கோ. யார் வந்து பார்க்கப் போறா?" என்றார் கமலா அம்மா.

"பதினஞ்சு. ஊருக்குள்ள பன்னெண்டரை. அதான் வந்தது, அதான் போடுவேன்." என்னைப் பார்த்து, "அடுத்த சனிக்கிழமைலேர்ந்து முதல் கிளிக்கோட நிறுத்து. சித்தராஜுவும் அப்படியே. கார் ஆட வேண்டாம்" என்றார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கிளம்பும்போது கமலா அம்மா ஜன்னலை இறக்கி, "லெட்டரை நான் வாங்கி வெச்சுண்டுட்டேன்பா. போகாது" என்றார். சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கார் நன்றாக இருக்கிறது பிள்ளைகளே. சத்தமில்லாமல் நகரும்போது உடம்புக்கு ஒரு சுகம். பதினெட்டு வராவிட்டாலும், நின்ற இடத்தில் எண்ணெய் குடிக்காமல் நிற்கத் தெரிந்த வண்டி. நாம் போகும் பஸ் சிக்னலில் நின்று உறுமிக்கொண்டே இருக்கிறது இல்லையா, அன்று திரும்பி வரும்போது அதைத்தான் காது கேட்டுக்கொண்டே வந்தது.

மதியம் மூன்று மணிக்கு, அல்சூர் தாண்டி நம் மர்பி டவுனில் இறங்கினேன். நீங்கள் இரண்டு பேரும் டியூஷனில், உங்கள் அம்மா மார்க்கெட்டில். வீட்டில் யாருமில்லை. என் வேலையைக் கொண்டுபோகப் பார்த்தது எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பக்கெட்டில் ஊற்றினேன். இரண்டாவது பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கை நிறுத்திக்கொண்டு மீதியை ஊற்றினேன். ஒன்று புள்ளி எட்டு லிட்டர், பக்கெட்டின் அடியில்தான் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சோப்புத் தூள் போட்டு என் யூனிஃபார்மை அதில் முக்கினேன். சட்டை நனைந்தது. பேண்ட்டுக்குப் பத்தவில்லை.